கோடைப் போட்டிக்கு ஒரே ஒரு சண்டை ஆட்டம்: டெக்கனா, ஸ்ட்ரீட் ஃபைட்டரா, தொண்ணூற்றேழா?

1. கோட்டையூர்த் திண்ணை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மன்றத்தில் வருகிற மே மாத விடுமுறையில் ஒருநாள் மாலை சண்டை ஆட்டப் போட்டி ஒன்றை நடத்துவதென்று முடிவாகியிருக்கிறது. இடத்துக்குக் கவலையில்லை. மன்றத்து நண்பர் ஒருவர், ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கும் தம் பூர்விக வீட்டின் முகப்பையும் வளவையும் அன்று ஒருநாள் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். ஒரு பிளேஸ்டேஷன் 5, ஒரு பெரிய டிவி, நான்கு கன்ட்ரோலர்கள், பழைய ஆட்டங்களுக்கென்று ஒரு கணினி ஆகியவை கையில் இருக்கின்றன. இதுவரை 30 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் சத்தம் போட்டால் அந்தத் தெருவின் ஆச்சிமார் பொறுக்கமாட்டார்கள்.

எந்த ஆட்டம் என்பதில்தான் வந்து நிற்கிறோம். பெயர் கொடுத்தவர்களில் பன்னிரண்டு வயதுப் பையனும் இருக்கிறான், நாற்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பெரியவர்கள் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 என்கிறார்கள். நடுவயதினர் டெக்கன் என்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்கிறார்கள். ஒவ்வொருவரும் தாம் முதலில் ஆடிய ஆட்டத்தையே சிறந்தது என்று சொல்வதாக எனக்குத் தோன்றுவதால், உங்களிடம் வேறு விதமாகக் கேட்கிறேன். உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கவில்லை. எது சிறந்தது, எந்தக் காரணத்தால் சிறந்தது என்று எழுதுங்கள்.

2. தொண்ணூற்றேழு

என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும் என்றாலும் காரணத்தைச் சொல்கிறேன்.

காரைக்குடிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அந்தக் காலத்தில் ஆறு ஆட்டப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். ஆறில் நான்கில் ஓடியது 97தான். இது தற்செயல் அல்ல. எஸ்.என்.கே. நிறுவனத்தின் நியோ ஜியோ பெட்டியில் ஆட்டத்தை மாற்றுவதற்குப் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை, உள்ளே ஆட்டம் பதிந்து செருகியிருக்கும் கேட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும் என்பதால், கடைக்காரருக்குச் செலவு குறைவு. அதனால்தான் சிறிய ஊர்களில் அது வேர்பிடித்தது. சிறுகுத்து, சிறுவுதை, பெருங்குத்து, பெருவுதை என்று நான்கே பொத்தான்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் போல ஆறு பொத்தான்களை வைத்துக்கொண்டு சிறுவன் விழிக்க வேண்டியதில்லை.

ஆனால் என் முதன்மையான வாதம் பொத்தான் அல்ல, மூவர் அணி. 1994இல் அந்தத் தொடர் தொடங்கியபோதே ஆட்டம் மூவருக்கு மூவர் என்று வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து மூவரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒருவன் தோற்றால் அடுத்தவன் வருகிறான். வென்றவன் சிறிதளவு உயிரை மட்டும் மீட்டுக்கொண்டு அதே காயத்தோடு தொடர்ந்து நிற்க வேண்டும். யாரை முதலில் இறக்குவது, யாரைக் கடைசிக்கு வைப்பது என்பதே ஒரு தனி ஆட்டம். யோரி என்ற வீரரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டு பேரையும் பெரிய அடிகளுக்கான சக்தியைச் சேர்க்க மட்டும் பயன்படுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். அவரைத் தோற்கடிக்க எனக்கு ஒரு முழு விடுமுறை பிடித்தது. மற்ற எந்த ஆட்டத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது?

3. பள்ளத்தூர் பட்டாலை

தொண்ணூற்றேழு அண்ணனின் நினைவுகளை மதிக்கிறேன். ஆனால் நினைவு வேறு, தீர்ப்பு வேறு.

சண்டை ஆட்டம் என்றால் இரண்டு உடல்கள் மோதுவது. அந்த உடலை நேரடியாக நம் விரலில் கொண்டுவந்து கொடுத்தது நாம்கோவின் டெக்கன் ஒன்றுதான். இடக்கை, வலக்கை, இடக்கால், வலக்கால் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொத்தான். "கீழ், கீழ்முன், முன், குத்து" என்று கைவிரலைச் சுழற்றினால் கையிலிருந்து நெருப்புருண்டை பறக்கும் என்பதைப் புதியவனுக்கு நீங்கள் சொல்லித்தான் தர வேண்டும். இடக்கைப் பொத்தானை அழுத்தினால் இடக்கை நீளும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. டெக்கன் 3 பெட்டியில் 1997இலும் பிளேஸ்டேஷனில் 1998இலும் வந்தது. அதில்தான் எல்லா வீரர்களும் எளிதாகப் பக்கவாட்டில் விலகி நிற்க முடிந்தது. ஆட்டம் ஒரு கோட்டிலிருந்து ஒரு தளத்துக்கு விரிந்தது. எங்கள் பக்கத்தில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆடிய தலைமுறை முழுவதும் அதில் வளர்ந்ததே.

கணினியில் பழைய டெக்கன் 3 வைக்கலாம். புதியதே வேண்டுமென்றால் 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8 இருக்கிறது. வெளியானபோதே 32 வீரர்கள். யாருக்கு யார் பிடித்தாலும் இடமுண்டு.

4. செக்காலை

மேலே இருவரும் எழுதியதில் ஒரு பொதுவான குறை உண்டு. ஒருவர் அணி அமைப்பைப் பேசுகிறார், மற்றவர் பொத்தானைப் பேசுகிறார். ஆட்டம் நடக்கும்போது உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை இருவரும் தொடவில்லை. நான் கணக்குப் பார்க்கும் ஆள் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) வேகத்தில் ஓடுகின்றன. அதாவது ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. ஒவ்வோர் அடிக்கும் மூன்று கட்டங்கள்: கை நீள எடுக்கும் நேரம், அடி படக்கூடிய நேரம், கை திரும்பி வரும் நேரம். டெக்கனில் சாதாரணக் குத்து பத்தாவது ஃபிரேமில் படும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மிக விரைவான குத்துகள் நான்காவது ஃபிரேமிலேயே படும். நம் கண்ணால் பார்த்து விரலை அசைக்க இவற்றைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே எவரும் எதிராளியின் குத்தைப் பார்த்துத் தடுப்பதில்லை. வரும் என்று ஊகித்துத் தடுக்கிறார்கள். நல்ல ஆட்டம் என்பது இந்த ஊகத்துக்குத் தக்க கூலி கொடுப்பது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் நாயகன் ர்யூவின் எழும்பிக் குத்தைப் பாருங்கள். பட்டால் எதிராளி வானத்தில். தடுக்கப்பட்டால் ர்யூ கீழே இறங்கி வரும்வரை கையாலாகாமல் தொங்குகிறான், எதிராளி நிதானமாக நின்று பெரிய அடியைக் கொடுக்கலாம். துணிச்சலுக்கு விலை உண்டு என்பது அந்த ஓர் அடியிலேயே தெரிந்துவிடுகிறது.

97இல் இந்தக் கூலி ஒழுங்காக இல்லை. சில வீரர்களுக்கு முடிவே இல்லாத அடித்தொடர்கள் உண்டு; ஒருமுறை மாட்டினால் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம். அடுத்த ஆண்டு வந்த 98 சமநிலையில் எவ்வளவோ மேல் என்பதைக் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடுபவர்களே ஒத்துக்கொள்வார்கள். டெக்கனில் ஒவ்வொரு வீரருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அடிகள். எந்த அடி மேலே வரும், எது கீழே வரும் என்பதை மனப்பாடம் செய்யாதவன் தடுக்கவே முடியாது. இது ஊகம் அல்ல, தேர்வுக்குப் படிக்காமல் போவது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 (2023 ஜூன்) இதைச் சரிசெய்திருக்கிறது. மாடர்ன் என்ற கட்டுப்பாட்டு முறையில் நெருப்புருண்டைக்கு விரலைச் சுழற்ற வேண்டாம், ஒரே பொத்தான் போதும். அதற்குப் பதிலாக அந்த அடியின் சேதம் 20 சதவீதம் குறையும். பன்னிரண்டு வயதுப் பையனும் கல்லூரி மாணவனும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

5. மொட்டை மாடி

மோர்ட்டல் காம்பாட்டை யாரும் குறிப்பிடவே இல்லையே? 1992இலிருந்து நிற்கிற தொடர். தடுப்பதற்கென்று தனிப் பொத்தானே உண்டு. பின்னால் நகர்வதும் தடுப்பதும் ஒன்றாகக் குழம்பாது. புதியவனுக்கு இதைவிடத் தெளிவான தற்காப்பு வேறெதிலும் இல்லை.

6. கோட்டையூர்த் திண்ணை

தடுப்புப் பொத்தான் பற்றிய உங்கள் கருத்து நியாயமானது. ஆனால் முகப்பில் ஆச்சிமார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். எதிராளியின் முதுகெலும்பைத் தலையோடு உருவி எடுக்கும் காட்சி வந்தால் அடுத்த ஆண்டு அந்த வீட்டுச் சாவி எங்களுக்குக் கிடைக்காது. அமெரிக்காவில் அந்த ஆட்டத்தின் பெயரால் 1993இல் செனட் விசாரணையே நடந்து, அடுத்த ஆண்டில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கும் வாரியம் வந்தது; நமக்கு ஆச்சிமாரே வாரியம். அதை நீக்கிவிடுவோம்.

7. மகிழம்பூ

மேலே எல்லோரும் கடை, மாடி, மணிக்குப் பத்து ரூபாய் என்று எழுதுவதைப் படிக்கும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கடைகளுக்குள் எங்களால் நுழைய முடியாது. நுழையக் கூடாது என்று பலகை எதுவும் வைக்கவில்லை, ஆனாலும் முடியாது. நான் 97ஐக் கற்றது இரண்டாங்கட்டில் இருந்த கணினியில், விசைப்பலகையில், பழைய பெட்டி ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் வழியாக. எதிராளி என் அண்ணன். ஆகவே எனக்கு எந்த ஆட்டத்தின் மீதும் கடை வாசனை கலந்த பாசம் இல்லை.

டெக்கன் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் எடி கோர்டோ என்ற வீரரைத் தேர்ந்தெடுத்து இரண்டு கால் பொத்தான்களையும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருப்பார். கப்போய்ரா என்ற பிரேசில் சண்டைக் கலையின் நடனம் நடக்கும், நான் விழுவேன். ஏன் விழுந்தேன் என்று எனக்கும் தெரியாது, ஏன் வென்றார் என்று அவருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த உதைகளுக்கு நடுவில் எங்கே இடைவெளி இருக்கிறது, எதைக் குனிந்து விட வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அதாவது விடை ஆட்டத்துக்குள் இருந்தது; ஆனால் ஆட்டம் அதை எனக்குச் சொல்லவில்லை.

97இல் தோல்வி வேறு விதம். யோரி என்னை மூலையில் தள்ளி அடிக்கும்போது, "குதித்திருக்கக் கூடாது" என்பது தரையில் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். செக்காலை சொல்லும் முடிவில்லா அடித்தொடர்கள் உண்மை. அவற்றைச் செய்யத் தெரிந்தவர் நம் முப்பது பேரில் எத்தனை பேர்?

8. தேவகோட்டை ரஸ்தா

தங்கை மகிழம்பூ எழுதிய கடைசி இரண்டு பத்திகளை இந்த இழையின் மையமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஐயா வீட்டுத் திண்ணையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கட்டம் கல்லிலேயே செதுக்கியிருக்கும். ஐயாவோடு ஆடித் தோற்றால், அவர் காய்களை உடனே கலைக்க விடமாட்டார். "எந்த நகர்த்தலில் புலி அடைபட்டது, சொல்" என்பார். நாம் காய்களைப் பின்னோக்கி நகர்த்திக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த ஆட்டம். நான் சண்டை ஆட்டங்களையும் அந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்: தோற்றவன், தான் எங்கே தோற்றோம் என்பதைப் பின்னோக்கிச் சென்று காட்ட முடிகிறதா? முடிந்தால் நல்ல ஆட்டம். முடியாவிட்டால், எத்தனை வீரர்கள் இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அது பகடை.

1992இல் நான் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கேப்காம் அதை வெளியிட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. முதலில் எட்டே வீரர்கள். ஒருவர் அரண்போல நின்று நெருப்புருண்டை வீசுகிறார், இன்னொருவர் குதித்து வருகிறார், முதலாமவர் எழும்பிக் குத்தி அவரை வீழ்த்துகிறார். இந்த மூன்று செயல்களின் உறவைப் புரிந்துகொள்ள எவருக்கும் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது. மொழி தெரியாத சீனர், மலாய்க்காரர், நான் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்போம். அந்த ஆட்டத்தின் தொடர் அடிகள் திட்டமிட்டு வைக்கப்பட்டவை அல்ல என்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரை உடைக்கும் இடைச்சுற்றைச் சோதிக்கும்போது ஒரு குத்தின் நடுவிலேயே இன்னொரு குத்து விழுவதைத் தயாரிப்பாளர் நோரிதகா ஃபுனமிஸு கவனித்தார். பிழைதானே என்று நீக்காமல் விட்டுவிட்டார்கள். இன்று தொடர் அடி இல்லாத சண்டை ஆட்டத்தைக் கற்பனை செய்யவே முடியவில்லை.

அதில் இந்தியர் என்று தால்சிமைக் கொடுத்திருந்தார்கள். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னணியில் யானைகள். அந்த வேடத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஆடிப் பார்த்தபோது அவர்தான் அந்த எட்டுப் பேரில் மிகுந்த யோசனைக்காரர் என்று தெரிந்தது. நீளும் கையால் எதிராளியைத் தூரத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். நெருங்க விட்டால் முடிந்தது. என் தோல்விகள் எல்லாம் அந்த ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை. ஒவ்வொன்றையும் என்னால் இன்றும் சொல்ல முடியும்.

வயதைப் பற்றித் தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல் தங்கம் வென்ற தென்கொரியரான கிம் குவான்வூவுக்கு அப்போது வயது 44.

9. தொண்ணூற்றேழு

ரஸ்தா ஐயாவின் அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் அந்த அளவுகோலால் 97 தோற்காது, வெல்லும் என்று தங்கையே எழுதியிருக்கிறாரே! இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை (1987) உருவாக்கிய தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்ஸுமோட்டோவும் கேப்காமை விட்டு வந்து எஸ்.என்.கே.வில்தான் சேர்ந்தார்கள், 1991இல் ஃபேட்டல் ஃபியூரி என்ற சண்டை ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. அந்த வீட்டின் கிளைதான் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். பங்காளிச் சண்டையில் யாருக்கு உரிமை அதிகம் என்று பேசினால் எங்கள் பக்கத்துப் பத்திரமும் செல்லும். இப்போது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் எங்கள் டெர்ரி, மாய் என்ற இரு வீரர்களையும் அவர்களே விருந்தாளியாக அழைத்துவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

10. பள்ளத்தூர் பட்டாலை

விருந்தாளிக் கணக்கைப் பார்த்தால் டெக்கன் 7இல் எஸ்.என்.கே.வின் கீஸ் ஹோவர்டும் வந்தார், கேப்காமின் அக்குமாவும் வந்தார். இரு வீட்டாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

வேடிக்கையை விட்டுவிட்டு வாதத்துக்கு வருகிறேன். டெக்கனில் தோல்விக்குக் காரணம் தெரியாது என்பதை நான் மறுக்கிறேன். காரணம் தெரிய நேரமாகும் என்பதே சரி. லாகூரிலிருந்து வந்த அர்ஸ்லான் ஆஷ் 2019இல் எவோ ஜப்பானையும், அதே ஆண்டு லாஸ் வேகாஸில் சண்டை ஆட்டங்களின் பெரிய உலகப் போட்டியான எவோவையும் வென்றார். இரண்டாவதின் இறுதி ஆட்டத்தில் அவர் வீழ்த்தியது கொரியாவின் "நீ" (Knee) என்ற பழம்பெரும் ஆட்டக்காரரை. அதுவரை உலகம் கவனிக்காத ஓர் ஊரின் கடைகளில், ஒருவரையொருவர் அடித்தே கற்றுக்கொண்ட கூட்டத்திலிருந்து வந்தவர் அவர். பகடை ஆட்டத்தில் இப்படி ஒருவர் மீண்டும் மீண்டும் வெல்ல முடியுமா?

டெக்கன் 8இல் இன்னொரு வசதி உண்டு. முடிந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போது, "இந்த இடத்தில் இப்படித் திருப்பி அடித்திருக்கலாம்" என்று அதுவே குறிப்புச் சொல்லும். அந்த இடத்திலேயே பதிவை நிறுத்தி, கன்ட்ரோலரை எடுத்து, நாமே அடித்துப் பார்க்கலாம். ரஸ்தா ஐயாவின் ஐயா காய்களைப் பின்னோக்கி நகர்த்தச் சொன்னாரே, அதையே பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

11. தேவகோட்டை ரஸ்தா

அந்த வசதி மிக நல்லது. எனக்கு அது தெரியாது, நன்றி. ஆனால் தம்பி, ஆட்டம் முடிந்த பிறகு வாத்தியார் வந்து விளக்கித்தான் தோல்வி புரிகிறதென்றால், திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது புரியவே போவதில்லை. நான்கு மணி நேரப் போட்டியில் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க இடமும் இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் பழக ஓர் ஆட்டம் வேண்டுமென்று நீங்கள் கேட்டிருந்தால் என் விடை ஒருவேளை டெக்கனாக இருந்திருக்கும்.

12. செக்காலை

பார்ப்பவருக்குப் புரிவது பற்றி ஐயா சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004 எவோ போட்டியில் டைகோ உமெஹாராவும் ஜஸ்டின் வோங்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கில் மோதிய அந்தச் சிறு பதிவைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். டைகோவின் வீரரான கென்னுக்கு உயிர்க்கோட்டில் ஒரு நூலிழைதான் மிச்சம். சாதாரணமாகத் தடுத்தாலே அந்தச் சேதத்தில் இறந்துவிடுவார். எதிரே வோங்கின் வீராங்கனையான சுன்லியின் பெரும் உதைத்தொடர். ஒவ்வோர் உதையும் படும் கணத்தில் முன்னோக்கி ஒரு தட்டு தட்டி, அத்தனையையும் தட்டிவிட்டு, எழும்பி அடித்து வென்றார். அந்த ஆட்டத்தின் விதி எதுவும் தெரியாத என் அம்மாவுக்கு அதைக் காட்டினேன். "அத்தனையையும் தள்ளிவிட்டுட்டானே" என்றார். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

13. கோட்டையூர்த் திண்ணை

எழுத்தில் பேசிக்கொண்டே இருப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல் என்று, கடந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரை அழைத்து மூன்று ஆட்டங்களையும் ஆட வைத்தேன். ஐவர் புதியவர்கள், மூவர் பழகியவர்கள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் தோற்றவரிடம் ரஸ்தா ஐயாவின் கேள்வியை அப்படியே கேட்டேன்: "எங்கே தோற்றாய்?"

டெக்கன் 8 ஓடும்போதுதான் சிரிப்பும் கூச்சலும் மிக அதிகம். காட்சி அவ்வளவு பிரமாதம். ஹீட் என்ற நிலைக்குப் போனதும் திரை முழுவதும் ஒளிவெள்ளம். ஆனால் புதியவர்கள் ஐவரும் சொன்ன விடை ஒன்றுதான்: "தெரியவில்லை, அவன் விடவே இல்லை." ஒரு சிறுவன் காற்றில் மிதந்தபடியே அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, தன் கன்ட்ரோலர் பழுதாகிவிட்டதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

97இல் விடைகள் தெளிவாக வந்தன: "குதித்தேன்", "மூலையில் போய் நின்றேன்", "கீழே தடுக்க மறந்தேன்". ஆனால் வேறொரு தொல்லை. புதியவர்களுக்குச் சிறப்பு அடி ஒன்றுகூட வரவில்லை. கன்ட்ரோலரின் அம்புப் பொத்தானில் அரைவட்டம் சுழற்றியே கட்டைவிரல் சிவந்துவிட்டது. பழகிய ஒருவர் தம் மூன்று வீரர்களையும் வைத்துப் புதியவர்களின் ஒன்பது வீரர்களைத் தொடர்ந்து வீழ்த்தினார். அவர் யார் என்று சொல்லமாட்டேன்; இந்த இழையில் இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மாடர்ன் முறையை எடுத்துக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பையன், நான்காவது ஆட்டத்தில், குதித்து வந்த கல்லூரி மாணவரை எழும்பிக் குத்தி வீழ்த்தினான். தோற்றவர் நான் கேட்பதற்கு முன்பே, "மூன்றாவது முறையும் குதித்திருக்கக் கூடாது" என்றார். ஒரு குறையும் கண்டேன். அடிகளைத் தாங்கிக்கொண்டே பாய்ந்து வரும் டிரைவ் இம்பாக்ட் என்ற அடியைப் புதியவர்கள் கண்டுகொண்டதும், அதையே திரும்பத் திரும்பத் தட்டினார்கள். பதிலுக்கு அதே பொத்தானை அழுத்தினால் முறிந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்த பிறகு அடங்கியது. ஐந்து நிமிடப் பாடம் போதுமானதாக இருந்தது.

ஆகவே என் சாய்வு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பக்கம். ஆனால் 97 ஆடும்போது மட்டும் நடந்த ஒன்றை விட்டுவிட மனமில்லை. அணியின் மூன்று வீரர்களையும் ஆளுக்கொருவராகப் பிரித்து ஆடியபோது, ஒருவர் ஆட அவருடைய அணிக்காரர்கள் இருவரும் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மற்ற இரண்டிலும் தோற்றவர் எழுந்து போய்த் தம் கைபேசியை எடுத்துக்கொண்டார்.

14. மகிழம்பூ

அப்படியானால் ஆட்டம் அவர்களுடையதாகவும் விதி நம்முடையதாகவும் இருக்கட்டுமே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ஐயே ஆடுங்கள். ஆனால் மூவர் அணியாக. தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும், வென்றவர் தொடர வேண்டும். உயிர்க்கோடு மட்டும் ஒவ்வொரு முறையும் நிரம்பிவிடும். அதை ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வோர் அணியிலும் ஒருவராவது பதினைந்து வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும் என்றும் வைக்கலாம். பெண்களுக்குத் தனிப் பட்டியல் என்று மட்டும் தயவுசெய்து எதையும் வைத்துவிடாதீர்கள். நானும் என் சித்தி மகளும் பெயர் கொடுக்க இருக்கிறோம்.

15. செக்காலை

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 பேர் என்றால் 10 அணிகள். தோற்றால் வெளியே என்ற முறையில் 9 அணிச் சந்திப்புகள். மூவருக்கு மூவர் என்றால் ஒரு சந்திப்பில் குறைந்தது 3 ஆட்டங்கள், அதிகம் போனால் 5. ஆக மிஞ்சினால் 45 ஆட்டங்கள். மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டிய ஆட்டத்துக்கு ஆள் மாறுவதையும் சேர்த்து நான்கு நிமிடம் வைத்தாலும் 180 நிமிடம். மூன்று மணி நேரம். ஆச்சிமாருக்கு முன் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது. மின்சாரம் போனால் தாங்கும்.

ஓர் ஓட்டையையும் அடைக்க வேண்டும். முதலில் இறங்குபவர் எதிரணியின் மூவரையும் வீழ்த்திவிட்டால் அவருடைய அணிக்காரர் இருவருக்கும் ஆட்டமே கிடைக்காது. ஆகவே ஒரு சந்திப்பில் முதலில் இறங்கியவர் அடுத்த சந்திப்பில் கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்று விதி வையுங்கள். டிவியில் கேம் மோடு இருந்தால் அதை மறக்காமல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் நடுவில் சில ஃபிரேம்கள் தின்றுவிடும், பிறகு தோற்றவர்கள் எல்லோரும் டிவியைத்தான் காரணம் சொல்வார்கள்.

16. பள்ளத்தூர் பட்டாலை

என் மனம் மாறவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டு ஒத்துழைக்கிறேன். போட்டி முடிந்த பிறகு மீதமிருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு டெக்கனைப் போட்டுவிடுங்கள். யாரும் யாரிடமும் "எங்கே தோற்றாய்" என்று கேட்கக் கூடாது.

17. கோட்டையூர்த் திண்ணை

அப்படியே செய்வோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, மூவர் அணி, வென்றவர் தொடர்வார், இறங்கும் வரிசை சுழலும், அணிக்கு ஒரு சிறுவரோ சிறுமியோ கட்டாயம், ஒரே பட்டியல். மாடர்ன், விரலைச் சுழற்றும் கிளாசிக் இரண்டு முறைகளும் அனுமதி. அணிகளின் பெயர்களை இந்த வார இறுதிக்குள் இங்கேயே எழுதிவிடுங்கள்.

18. தொண்ணூற்றேழு

ஆட்டம் போனாலும் விதி எங்களுடையது என்பதால் மறுப்பு இல்லை. மகிழம்பூத் தங்கைக்கும் அவர் சித்தி மகளுக்கும் மூன்றாவது ஆள் இன்னும் அமையவில்லை என்றால் நான் வருகிறேன். சித்தி மகளுக்கு வயது பதினைந்துக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு நிச்சயமாக இல்லை. டெர்ரியை எடுத்துக்கொள்கிறேன், கடைசியாக இறங்குகிறேன்.

19. மகிழம்பூ

அவளுக்குப் பதின்மூன்று. ஆனால் முதல் சந்திப்பில் நீங்கள்தான் முதலில் இறங்க வேண்டும், அண்ணே. கடைசி இடம் அவளுக்கு.